ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ் நாவல் சிலருக்கு உசுரு, சிலருக்கு ஆகவே ஆகல, ஏன்?

பல்லடத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க: "அக்கா, கில்லியன் ஃப்ளின் எழுதின ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ் படிச்சு முடிச்சேன். முடிச்ச அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல, அவ்வளவு புடிச்சுது. ஆனா எங்க வாசகர் வட்டத்துல பாதிப் பேரு பாதியில மூடி வெச்சுட்டாங்க. கொலை பண்ணுனது யாருன்னு நடுவுலயே தெரிஞ்சுபோச்சுங்கறாங்க, அழுக்கு மேல அழுக்கா எழுதி வெச்சிருக்குன்னு திட்டறாங்க. ஒரே புஸ்தகத்துக்கு இப்படி ரெண்டு பேச்சு எப்படி வருது? நீங்க நிருபரா இருந்தவங்க, உங்களுக்கு என்ன தோணுச்சு?"

தம்பி, கதையோட கடைசிப் பக்கம் வரைக்கும் பேசாம இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதுங்க. அதனால இனிமேத்தான் படிக்கணும்னு இருக்கறவங்க இதோட நிறுத்திட்டு, படிச்சு முடிச்சுட்டு வாங்க.

படிக்கற எண்ணமே இல்லாதவங்களுக்காகக் கதையை ரெண்டு வரியில சொல்லிடறேன். சிகாகோவுல ஒரு சின்னப் பத்திரிகையில நிருபரா இருக்கறவ கமில். அவளோட சொந்த ஊரு மிசௌரி மாநிலத்துல தென்கிழக்கு மூலையில இருக்கற விண்ட் கேப், இது கற்பனை ஊரு, சுமார் 2,000 பேர் இருக்கற எடம். அங்க ஒரு சிறுமியைக் கொன்னு பல்லையெல்லாம் புடுங்கி வெச்சிருக்காங்க, அடுத்தாப்புல இன்னொரு சிறுமியைக் காணோம். நீ அந்த ஊர்க்காரிதானே போயி எழுதுன்னு ஆசிரியர் அனுப்பி வெக்கறாரு. அவ போயி எறங்கறது பெத்த அம்மா அடோரா ஊட்ல. அங்க அம்மா பின்னால கட்டிக்கிட்ட புருஷன், அவரு மூலமாப் பொறந்த 13 வயசுத் தங்கச்சி, அப்பறம் சின்ன வயசுலயே சீக்கு வந்து செத்துப்போன இன்னொரு தங்கச்சி மேரியனோட நெனப்பு. அவ்வளவுதாங்க ஆளுங்க.

இது 2006ல வந்த ஃப்ளினோட மொத நாவல். கேன்சஸ் சிட்டியில பொறந்து வளந்தவங்க, அப்பா அம்மா ரெண்டு பேருமே காலேஜ் வாத்தியாருங்க, இவங்க என்டர்டெயின்மெண்ட் வீக்லி பத்திரிகையில வேலை பாத்துக்கிட்டே எழுதினது. 2007ல பிரிட்டன்ல க்ரைம் ரைட்டர்ஸ் அசோசியேஷன் குடுக்கற டேகர் விருதுல ரெண்டு இந்த ஒரே புஸ்தகத்துக்குக் கெடைச்சுது. ஆனா உலகம் பூராவும் அவங்க பேரு தெரிஞ்சது 2012ல வந்த கான் கேர்ல் நாவலாலதான். அதைப் படிச்சுட்டு அசந்துபோயி, இவங்க இன்னும் என்ன எழுதியிருக்காங்கன்னு தேடிட்டு வந்தவங்கதான் இதுக்கு வாசகருங்கள்ல பாதிப் பேரு. கான் கேர்ல்ல கதை பாதியில அப்படியே தலைகீழாத் திரும்பும். அதே திருப்பத்தை எதிர்பாத்து இங்க வந்தா இது மெதுவாப் போகுது, ஒரு பொண்ணு ஊருக்குள்ள நடந்து நடந்து ஒவ்வொருத்தர் கிட்டயும் பேசிட்டே இருக்கா, குடிக்கறா, பழசை நெனைக்கறா. ஏமாத்தமாத்தான் இருக்கும். உங்க வட்டத்துல மூடி வெச்சவங்க எந்த வழியா இந்தப் புஸ்தகத்துக்கு வந்தாங்கன்னு ஒருக்கா கேட்டுப் பாருங்க.

நம்ம ஊருப் பக்கம் இன்னொரு காரணமும் இருக்குதுங்க. இங்க க்ரைம் நாவல்னா நமக்குப் பழக்கம் ராஜேஷ்குமார். கோயமுத்தூர்க்காரர், 1,500 நாவலுக்கு மேல எழுதினவரு. கோபியில பஸ் ஏறும்போது பஸ் ஸ்டாண்டு கடையில ஒண்ணு வாங்கினா காந்திபுரம் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். மொத அத்தியாயத்துலயே பொணம், ரெண்டு தடத்துல கதை ஓடும், துப்பறியற விவேக் வருவாரு, கடைசியில எல்லா முடிச்சும் அவிழும். அதுல வளந்த தலைமுறை நாங்க, அந்த வேகத்தை நான் கொறைச்சு மதிக்கல, வரிசையா அத்தனை வருஷம் வாசகரை விடாமப் புடிச்சு வெக்கறது லேசான காரியமில்ல. அந்தப் படிப்புல இருந்து வர்றவங்க ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்ல தேடறது விவேக்கை. இங்க கேன்சஸ் சிட்டியில இருந்து ஒரு டிடெக்டிவ் வர்றாரு, ஆனா அவராலயும் முழு முடிச்சையும் அவிழ்க்க முடியல, ஊர்ச் சனம் பேசறதுல பாதியக் கூடக் காதுல வாங்கிக்கல.

இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயமே இருக்குது. நடுவுலயே தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க பாருங்க, அது உண்மை. தெரியத்தான் செய்யும். அந்த ஊர்ல யாருக்கும் தெரியாத ரகசியம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. மேரியன் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே ஒரு நர்ஸ் இந்தப் புள்ளைக்கு வந்திருக்கற சீக்கு பெத்தவளாலதான் வருதுன்னு சந்தேகப்பட்டு எழுதியே வெச்சிருக்கா. அந்தக் காகிதம் வருஷக்கணக்கா ஃபைல்ல அப்படியே கெடக்குது. அடோராவோட கூட்டாளி ஜாக்கி கமில்கிட்ட வாயத் தொறந்து சொல்லாம சுத்தி சுத்தி சொல்றா. ஒரு சின்னப் பையன் வெள்ளைத் துணி போட்ட பொம்பளை ஒருத்திதான் அந்தப் புள்ளையைப் புடிச்சுட்டுப் போனான்னு சொல்றான், கதையோட ஆரம்பத்துலயே சொல்றான். போலீஸ் நம்பல. பல்லைப் புடுங்கறதுக்கு ஆம்பளை பலம் வேணும்னு முடிவு கட்டிட்டாங்க. செத்த புள்ளையோட அண்ணன் ஊருக்கு முன்னால அழுதான், ஆம்பளைப் பையன் இப்படியா அழுவான்னு அவனைச் சந்தேகப்படறாங்க. தெரிஞ்சதை யாரும் சொல்லாம இருக்கறதும் சொன்னவனை யாரும் நம்பாம இருக்கறதும்தான் இந்த நாவலோட கதை. யாருங்கற கேள்வியை மட்டும் கையில வெச்சுக்கிட்டுப் படிச்சா 150 பக்கத்துல அலுத்துப்போகும். யாருக்கெல்லாம் தெரியும், ஏன் வாயத் தொறக்கலன்னு கேட்டுக்கிட்டே படிச்சா ஒவ்வொரு உரையாடலும் பயமா இருக்கும்.

நான் தாலுகா நிருபரா இருந்த காலத்துல ஒரு சாவு வுழுந்தா மொதல்ல போறது ஸ்டேஷனுக்கில்லைங்க, பேக்கரிக்கு. நம்ம பக்கம் டீக்கடைன்னா பேக்கரிதானே. அங்க போயி ஒரு டீயும் தேங்கா பன்னும் சொல்லிட்டு உக்காந்தா அரை மணி நேரத்துல முழுக்கதையும் வந்துரும், எந்த ஊட்ல என்ன சண்டை, யாரு யாருக்கு எவ்வளவு பாக்கி, அந்தப் புள்ளை முந்தின நாள் எங்க நின்னுச்சு, எல்லாம். கடைசியில ஒரு வார்த்தை வரும், "எம்பேரைப் போட்றாதீங்க." பெரிய ஊட்டு விஷயம்னா அந்த வார்த்தை கதைக்கு முன்னாலயே வந்துரும். அப்பறம் 174 போட்டு முடிச்சுட்டாங்கன்னு சேதி வரும், அதாவது சந்தேக மரணம்னு பதிஞ்சு விசாரிச்சு மூடறது, இப்ப புதுச் சட்டத்துல அது 194. ஊருக்கே தெரிஞ்சது காகிதத்துல ஒரு வரியாக் கூட வராது. ஃப்ளின் எழுதின விண்ட் கேப்பைப் படிச்சப்ப அந்த ஊரு அமெரிக்கா மாதிரியே எனக்குத் தோணலைங்க. அடோராவோட குடும்பத்துக்குச் சொந்தமான பன்னிப் பண்ணையும் கசாப்புக் கூடமும்தான் அந்த ஊருக்குச் சோறு போடுது, பாதி ஊரு அங்கதான் வேலைக்குப் போகுது. அவ ஊட்டு வாசல்ல போயி எவன் கேப்பான்? ஒரு மில்லையோ ஒரு பண்ணையையோ நம்பி இருக்கற ஊர்ல பொழைச்சவங்களுக்கு இதை வெளக்கவே வேண்டியதில்ல. எங்க வட்டத்துல நாவலை ரொம்ப மெதுவாப் போகுதுன்னு சொன்னது பூராவும் கோயமுத்தூர், பெங்களூர்ல வேலை பாக்கற பசங்க. இந்தப் பக்கமே கண்ணாலம் கட்டி இங்கயே இருக்கற பொம்பளைங்க ஒருத்தரும் அப்படிச் சொல்லல.

அழுக்குங்கற புகாருக்கு வர்றேன். அது லேசான புகாரில்ல, அதுக்கு நேராப் பதில் சொல்லணும். கமில் தன் ஒடம்பு பூராவும் வார்த்தைங்களைக் கீறி வெச்சிருக்கா, முழுக்கை சட்டை போட்டு மறைச்சுட்டுத் திரியறா. குடி. 13 வயசுப் புள்ளைங்க பண்ணக்கூடாததெல்லாம் பண்ணுதுங்க. தங்கச்சிக்காரி பன்னிப் பண்ணைக்குப் போயி, திரும்பக்கூட முடியாம அடைச்சு வெச்ச தாய்ப்பன்னிகிட்ட குட்டிங்க முட்டிமோதிப் பால் குடிக்கறதை ஆசையோட பாத்துட்டு நிக்கற காட்சி ஒண்ணு இருக்குது, அதுலதான் நெறைய பேரு புஸ்தகத்தை மூடறாங்க. எனக்கு அந்த எடம் தேவைன்னுதான் படுது. பெத்தவங்கறது ஒரு ஒடம்பு, அதைச் சுத்தி வர்றது பசி, இதை அந்தப் புள்ளை எப்படிப் புரிஞ்சு வெச்சிருக்குன்னு அந்த ஒரு பக்கம் சொல்லிருது, பின்னால வர்றதுக்கெல்லாம் வேர் அங்கதான் இருக்குது. ஆனா ஒடம்புல கீறற பகுதிங்க வேற. அதைப் பத்தி நான் வாதாடவே மாட்டேன். அந்தப் பழக்கத்துல இருந்து மீண்டு வந்தவங்க, இன்னும் அதுல தவிக்கறவங்க, தயவுசெஞ்சு இந்தப் புஸ்தகத்தைத் தொடாதீங்க, எவ்வளவு நல்ல எழுத்தா இருந்தாலும் சரி. கமிலுக்கு வார்த்தைங்க தோலுல எரியறதை ஃப்ளின் அவ்வளவு கிட்டக்க போயி எழுதியிருக்காங்க. மனசு சரியில்லன்னா 104க்கு, இல்லாட்டி டெலிமானஸ் 14416க்குக் கூப்புடுங்க, தமிழ்லயே பேசுவாங்க. படிக்க முடியலன்னு வெச்சவங்களை நெஞ்சுரம் இல்லாதவங்கன்னு நம்ம வட்டங்கள்ல பேசறது நிக்கணும்.

அப்பறம் அந்த அம்மா. இந்த நாவலோட உசுரே அவதான். அடோரா தன் புள்ளைங்களுக்குத் தானே எதையோ குடுத்து சீக்காக்கி, தானே பக்கத்துல உக்காந்து பாத்துக்கறா, ஊரு அவளை எப்பேர்ப்பட்ட தாயின்னு மெச்சுது. மேரியன் செத்தது அப்படித்தான். மருந்தை வாங்கிக் குடிச்ச புள்ளை அம்மாவுக்கு ஒசத்தி, துப்பின புள்ளை கமில், அதனாலயே அவளைப் புடிக்கல. "பெத்தவ செய்வாளா இப்படி, சும்மா அதிர்ச்சிக்காக எழுதியிருக்காங்க"ன்னு எங்க வட்டத்துலயும் ஒருத்தர் சொன்னாரு. இது எழுத்தாளர் கற்பனை பண்ணுன சீக்கில்லைங்க. 1977ல பிரிட்டன்ல ராய் மெடோங்கற குழந்தை டாக்டர் லான்செட் மருத்துவ இதழ்ல இதைப் பத்தி எழுதினாரு. ரெண்டு கேஸ் அதுல. ஒரு அம்மா புள்ளையோட மூத்திர சாம்பிள்ல கலப்படம் பண்ணி வருஷக்கணக்கா ஆஸ்பத்திரிக்கு அலைய வெச்சிருக்கா. இன்னொரு புள்ளைக்கு உப்பை அளவுக்கு மீறி ஊட்டி ஊட்டி கடைசியில அது செத்தே போச்சு. அதுக்கு அவரு வெச்ச பேருதான் மன்சாசன் சின்ட்ரோம் பை பிராக்ஸி. தன் ஒடம்புலயே சீக்கை வரவழைச்சுக்கற மன்சாசன் சின்ட்ரோமுக்கு ரிச்சர்ட் ஆஷர்ங்கற டாக்டர் 1951லயே பேரு வெச்சிருந்தாரு, அதைப் புள்ளை ஒடம்புல செய்யறது இது. டாக்டருங்க கண்டுபுடிக்கத் தெணறறதுக்குக் காரணம், இந்த அம்மாக்கள் ஆஸ்பத்திரியில ரொம்பப் பாசமா, நர்சுங்களுக்கு ஒத்தாசையா, மருத்துவம் நல்லாத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. ஃப்ளின் அதை அச்சு அசலா எழுதியிருக்காங்க.

ஆனா இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்குது, நாவலைக் கொண்டாடறவங்க அதையும் தெரிஞ்சுக்கணும். அதே ராய் மெடோ பின்னால கோர்ட்டுல நிபுணர் சாட்சியா போயி, வசதியான ஊட்ல ரெண்டு குழந்தை தொட்டில் சாவுல, அதாவது காரணம் தெரியாம தூக்கத்துலயே, போறதுக்கு 7 கோடியே 30 லட்சத்துல ஒண்ணுதான் வாய்ப்புன்னு சொன்னாரு. 1999ல சாலி கிளார்க்குங்கற வக்கீலம்மா, தன்னோட ரெண்டு குழந்தைங்களையும் கொன்னான்னு தண்டனை வாங்குன வழக்குல அது. அந்தக் கணக்கே தப்புன்னு புள்ளியியல்காரங்க எதிர்த்தாங்க. மருத்துவ அறிக்கை ஒண்ணை எதிர்த்தரப்புக்குக் காட்டவே இல்லங்கறதும் பின்னால வெளிய வந்துச்சு. 2003ல விடுதலை ஆயி வந்தாங்க. 2007லயே செத்துப்போனாங்க. புள்ளையையும் பறிகுடுத்து, கொலைகாரிங்கற பேரையும் சுமந்த அந்த அம்மாவை நெனைச்சா எனக்கு இன்னும் நெஞ்சடைக்குது. அதனால, இந்த மாதிரி நாவலு பெத்தவங்க மேலயே சந்தேகத்தை வளக்கும்னு சொல்ற வாசகருங்களை நான் தள்ளி விட மாட்டேன். என்ற எண்ணம் என்னன்னா, ஃப்ளின் அடோராவை ஒரு சீக்கோட பேருக்குள்ள அடைச்சு முடிச்சுடல. அவளோட அம்மா அவளை எப்படி வெச்சிருந்தா, அந்த ஊட்ல பாசம்னா என்ன அர்த்தம்னு மூணு தலைமுறைக்குப் பின்னால போயிப் பாக்கறாங்க. தாத்தன் அப்பன்னு ஆம்பளைங்க வன்முறை வழிவழியா வர்றதைப் பத்தி கதைங்க ஏகப்பட்டது இருக்குது, பொம்பளைங்களோடது எங்கன்னு கேட்டுத்தான் இதை எழுதினதா அவங்களே ஒரு கட்டுரையில சொல்லியிருக்காங்க. அந்தக் கேள்வி நியாயமானது.

செத்துப்போன ரெண்டு சிறுமிங்களையும் அவங்க தேவதையாக் காட்டல, இதுவும் சிலருக்கு ஆகல. ரெண்டும் கடிக்கற புள்ளைங்க, ஒருத்தி இன்னொரு பொண்ணோட காது நுனியவே கடிச்சுத் துப்பினவ. எனக்கு இது ரொம்ப நேர்மையாப் பட்டுச்சு. பத்திரிகையில நாங்க செத்த புள்ளைங்களைப் பத்தி எழுதறப்ப நல்லாப் படிக்கும், எல்லாத்துகிட்டயும் சிரிச்சுப் பேசும்னுதான் எழுதுவோம், அடங்காத புள்ளை செத்தா அது வேற மாதிரி சாவுங்கற நெனப்பு ஊருக்குள்ள இருக்கறதால. முரட்டுப் புள்ளைக்கும் அதே அளவு அழுகணும்னு இந்த நாவல் கேக்குது.

நிருபர் வேலையைப் பத்தி நீங்க கேட்டதால சொல்றேன். அந்த விஷயத்துல புகார் பண்றவங்க பக்கம்தான் நான். கமில் பண்றது எந்தப் பத்திரிகைக்கும் ஆகாது. செத்த புள்ளைங்களோட பழக்கம் இருந்த தன் அம்மா ஊட்லயே தங்கறா, விசாரிக்கற டிடெக்டிவோட ஒறவு வெச்சுக்கறா, ஊரே சந்தேகப்படற 18 வயசுப் பையனோடயும் எல்லை தாண்டறா. அவளோட மனநெலமைக்கு இது பொருந்துது, ஒத்துக்கறேன், ஆனா ஆசிரியர் கர்ரி ஃபோன்ல பேசும்போது ஒரு தடவையாவது இதைக் கேட்டிருக்கணும். இன்னொண்ணு, அவ எழுதற சேதியில அந்தப் புள்ளைங்க பேரு, ஊடு, ஒடம்புல என்ன இருந்துச்சு, எல்லாம் வருது. அது அமெரிக்கா, அங்கத்த வழக்கம் அது. நம்ம நாட்டுல 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 74வது பிரிவு இருக்குது, குத்தத்துக்கு ஆளான குழந்தையோட பேரு, படம், பள்ளிக்கூடம், அடையாளம் தெரியற எதுவும் போடக்கூடாது. போக்சோ சட்டத்துல 23வது பிரிவும் அப்படித்தான். நாவலைப் படிச்சுட்டு நிருபருன்னா இப்படித்தான்னு காலேஜ் புள்ளைங்க யாரும் நெனைச்சுக்க வேண்டாம். ஆனா ஒரு விஷயத்துல ஃப்ளின் தொட்டிருக்கற எடம் எனக்குத் தெரியும். புள்ளையைப் பறிகுடுத்த ஊட்டுத் திண்ணையில உக்காந்து நோட்டை எடுக்கற அந்த நேரம். கமில் மொத தடவை செத்த பொண்ணோட அப்பா முன்னால உக்காந்து கேள்வி கேக்கற பகுதி அப்படியே உண்மை, கேட்டே ஆகணுங்கற வேலையும் கேக்கக்கூடாதுங்கற மனசும் ஒரே வாயில இருக்கும்.

இப்ப முடிவு. பாராட்டறவங்களோட நான் பிரியற எடம் இது. போலீஸ் அடோராவைப் புடிச்சுட்டுப் போகுது, கமில் பொழைக்கறா, தங்கச்சியைக் கூட்டிட்டு சிகாகோ போறா. சரின்னு நாம மூச்சு விடும்போது அங்க ஒரு சிறுமி சாகறா, பல்லு போயிருக்குது. அந்த ரெண்டு கொலையும் தங்கச்சி பண்ணுனது, கூட்டாளிப் புள்ளைங்களைச் சேத்துக்கிட்டு. அம்மா தன்னை விட்டுட்டு அந்தப் புள்ளைங்க மேல பிரியமா இருந்தாங்கற பொறாமை. அம்மாவோட படுக்கையறையில தந்தத்துல பதிச்ச தரை இருக்குது, அந்த ஊட்டை அப்படியே அச்செடுத்த பொம்மை ஊடு தங்கச்சிகிட்ட இருக்குது, பொம்மை ஊட்டுத் தரைக்குத் தந்தத்துக்குப் பதிலா அந்தப் பல்லுங்க. யோசனையா பாத்தா அபாரம். வெள்ளைத் துணி, தந்தத் தரை, நடுராத்திரியில ஊர் சுத்தற புள்ளைங்க, எல்லாமே முன்னாலயே நம்ம கண்ணு முன்னால வெச்சிருக்காங்க, ஏமாத்து வேலை ஒண்ணுமில்ல. ஆனா அம்மா விஷயத்துக்கு 200 பக்கத்துக்கு மேல குடுத்தவங்க தங்கச்சி விஷயத்தைச் சில பக்கத்துல முடிச்சுடறாங்க, கடைசி பஸ்ஸைப் புடிக்கற அவசரத்துல. ஏன் செஞ்சா, எப்படிச் செஞ்சா, கூட இருந்த புள்ளைங்க எப்படி வாய மூடிட்டு இருந்துச்சுங்க, எல்லாமே சுருக்கமா ஒரு தகவலா வருது. ஊரு தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்ததை அவ்வளவு பொறுமையா எழுதினவங்க, ஒரு புள்ளை கொலைகாரியா ஆனதையும் அந்தப் பொறுமையோட எழுதியிருக்கணும். நடுவுலயே தெரிஞ்சுபோச்சுன்னு மூடுனவங்க இந்தக் கடைசித் திருப்பத்தைப் பாக்காமலே போயிட்டாங்கங்கறதும் உண்மை, அவங்க கண்டுபுடிச்சது பாதிதான்.

அதே சமயம் எல்லாத்துக்கும் அப்பறம் வர்ற கடைசி ரெண்டு பத்தியை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். கர்ரியும் அவரு சம்சாரமும் கமிலைத் தங்க ஊட்லயே வெச்சுப் பாத்துக்கறாங்க, சோறு போட்டு, தூங்க வெச்சு, சாதாரணமா ஒரு புள்ளையை வெச்சுக்கற முறையில. அப்பத்தான் அவ யோசிக்கறா, தங்கச்சியை நான் பாத்துக்கிட்டது அன்பாலயா, இல்ல அம்மாகிட்ட இருந்த சீக்கு எனக்கும் ஒட்டிக்கிச்சான்னு. நல்லபடியா ஒரு பக்கம் சாயறா, ஆனா முழுசா நம்பல. எங்க வட்டத்துல பொம்பளைங்க ரொம்ப நேரம் பேசினது கொலையைப் பத்தி இல்லைங்க, இந்த எடத்தைப் பத்தித்தான். சீக்கு வந்த மாமனாரைப் பாக்கறது, பேரனுக்கு ஊட்டறது, எதுல நம்ம பிரியம், எதுல நம்ம அதிகாரம்னு ஒருத்தர் கேட்டாங்க, பொழுதோட வந்தவங்க எட்டு மணி வரைக்கும் எந்திரிக்கல.

இந்த நாவலை வெச்சு எடுத்த எச்பிஓ டிவி தொடரு 2018ல 8 பாகமா வந்துச்சு, ழான் மார்க் வாலே எடுத்தது, கமில் வேஷத்துல எமி ஆடம்ஸ், அடோரா வேஷத்துல பட்ரீசியா கிளார்க்சன், கிளார்க்சனுக்கு கோல்டன் குளோப் கெடைச்சுது. நாவல் புடிக்காதவங்க இதைப் பாக்கலாமான்னு கேட்டா, பாக்கலாங்க. ஊரைப் பெருசா காட்டியிருக்காங்க, ஊர் பூராவும் கூடிக் கொண்டாடற ஒரு நோம்பியே புதுசாச் சேத்திருக்காங்க, நாவல்ல அது இல்ல. பழைய நெனப்பெல்லாம் ஒரு நொடி வெட்டி வெட்டி வந்துட்டுப் போகும், கமிலோட மனசுக்குள்ள இருக்கற உணர்வு வந்துரும். ஆனா முடிவுல அவங்க இன்னும் அவசரப்பட்டுட்டாங்க, பொம்மை ஊட்டைக் காட்டின கையோட முடிச்சு, கொலைக் காட்சிங்களைப் பேரு ஓடற எடத்துல துண்டு துண்டாக் காட்டறாங்க. நாவல்ல எனக்குப் புடிச்ச அந்தக் கடைசி ரெண்டு பத்தி அதுல சுத்தமா இல்ல. அதனால தொடரைப் பாத்துட்டு நாவல் இவ்வளவுதானான்னு முடிவு கட்டினவங்களோட கருத்தைத் தனியா வெச்சுப் பாக்கணும், அவங்க பேசறது வேற முடிவைப் பத்தி.

உங்க வட்டத்துக்கு அடுத்து எதையாவது எடுக்கணும்னா அவங்களோட ரெண்டாவது நாவலை எடுங்க, டார்க் பிளேசஸ், 2009ல வந்தது. கேன்சஸ்ல கடன்ல மூழ்கிட்டிருக்கற ஒரு விவசாயக் குடும்பம், தனியா நாலு புள்ளைங்களை வளக்கற அம்மா, 1985ல ஒரு ராத்திரி நடந்த கொலைங்க, பழி மூத்த பையன் மேல வுழுது, பொழைச்ச கடைசிப் பொண்ணு பெரியவளாயி அதைத் திரும்பிப் பாக்கறா. அந்தப் பத்து வருஷத்துல அமெரிக்காவுல சாத்தான் பூசை பண்றாங்கன்னு ஊர் ஊரா ஒரு பீதி கெளம்புச்சு, கலிஃபோர்னியாவுல மெக்மார்ட்டின்ங்கற பாலர் பள்ளி வழக்கு வருஷக்கணக்கா நடந்து 1990ல ஒருத்தருக்கும் தண்டனை இல்லாம முடிஞ்சுது. அந்தப் பீதி கதைக்குள்ள நல்லா வந்திருக்குது. கொலை முடிச்சு இதுல கெட்டியா இருக்கறதால, ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸை மூடி வெச்சவங்களுக்கும் இது ஓடும். எனக்கு அதுல மறக்காம நிக்கறது கடனுக்கு பேங்குக்கும் தோட்டத்துக்கும் நடுவுல அல்லாடற அந்த அம்மா பட்டி டே. தறியோ தோட்டமோ வெச்சு நொடிச்ச குடும்பத்துல இருந்து வந்தவங்க உங்க வட்டத்துல இருப்பாங்க, அவங்களை மொதல்ல பேச விடுங்க.